ஓர் உடம்புக்கு இரண்டு எண்கள்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, நாற்காலியின் நுனியில் அமர்ந்து, 'இவள் இன்றைக்கு என்ன சொல்லி என்னை மாட்டிவிடப் போகிறாளோ' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே! அவருக்கு அருகே அமைதியே அணிகலனாக அமர்ந்திருப்பவரே, 'உயிருக்கு உத்தரவாதம் தரமாட்டேன்' என்று முதல் நாளே சொல்லிவிட்டு, அன்றிலிருந்து ஒருநாளும் என்னைக் கைவிடாத புற்றுநோய் மருத்துவர் அம்மா அவர்களே! ஐந்து மருத்துவமனைகளிலிருந்தும் வந்திருக்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, இருட்டறையில் கருவிகளை இயக்கும் கைகளே! ஊசிக்குக் கை நீட்டிய பெரியோர்களே! அந்தக் கை நடுங்காதபடி மறுகையைப் பற்றிக்கொண்டிருந்த தாய்மார்களே! வெளிவராந்தாவில் உட்கார்ந்தபடியே தூங்கிக் கழுத்துவலி வாங்கிக்கொண்ட கணவன்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். பகலெல்லாம் பழைய பொருள் ஏலக்கூடத்தில் கூவுகிறவள்; மாலையில் யார் கூப்பிட்டாலும் மேடையேறிப் பேசுகிறவள். 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று கூவியே வயிறு வளர்த்தவளைக் கூட்டிவந்து, 'எந்த ஸ்கேன் கருவியில் அளந்தாலும் ஒரே தரம்' என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இதைவிட வேடிக்கை வேறு என்ன வேண்டும்?

ஒலிபெருக்கித் தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். என் தொண்டை ஏலக்கூடத்தில் வளர்ந்த தொண்டை. அது போதும்.

அவையோரே! நோய் வந்த கதையை நான் நீட்டப் போவதில்லை. நோய் யாருக்குத்தான் வரவில்லை? என் மார்பில் முளைத்தது, அறுத்தார்கள், அடங்கியது, சில ஆண்டுகள் கழித்து அழையாத விருந்தாளியாக இடுப்பெலும்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கொண்டைக்கடலை அளவுதான். ஆனால் கொண்டைக்கடலை என்று அதைக் கொறித்துவிட முடியுமா? மருத்துவர் அம்மா தினம் ஒரு மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரையோடு நான் வாழப் பழகினேன். ஏலக்கூடத்துக்குப் போனேன், மேடை ஏறினேன், வீட்டில் சண்டையும் போட்டேன். சண்டை போடத் தெம்பிருந்தால் பெண்பிள்ளை பிழைத்துக்கொள்வாள் என்பது என் கட்சி.

மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா? அதைச் சொல்வதற்குத்தான் பெட் ஸ்கேன். என்ன அங்கே, பின்வரிசை அண்ணன் கையைத் தூக்குகிறார்? 'அந்த ஸ்கேன்ல எண்ணு எண்ணுன்னு சொல்றாங்களே, அது என்ன எண்ணு?' நல்ல கேள்வி. எனக்கும் என் வீட்டுப் பெண்கள்தான் விளக்கினார்கள்; அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் உடம்புக்குள் கொஞ்சம் சர்க்கரையை ஊசியில் ஏற்றுகிறார்கள். அந்தச் சர்க்கரைமேல் கதிர்வீசும் ஓர் அடையாளம் ஒட்டப்பட்டிருக்கிறது. கெட்ட வளர்ச்சி இருக்கிறதே, அதற்கு அடங்காத பசி. அடுத்தவன் தட்டில் இருப்பதையும் அள்ளித் தின்னும் பசி. ஊசியில் போன சர்க்கரையை அது அதிகமாக விழுங்கும். விழுங்கிய இடம் கதிர்வீசும். கருவி அந்தக் கதிரை எண்ணும். ஊசியில் போனது உடம்பு முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால், எங்கே பார்த்தாலும் எண் ஒன்று. ஓரிடத்தில் அதைப்போல நான்கு மடங்கு சேர்ந்திருந்தால் அங்கே எண் நான்கு. எண் இறங்கினால் மருந்து வேலை செய்கிறது. எண் ஏறினால் நோய் வேலை செய்கிறது. புரிந்ததா அண்ணே? புரிந்தது என்று தலையாட்டுகிறார். வாழ்க!

என் எண் நாலு புள்ளி இரண்டு. பல மாதங்களாக அதிலேயே நின்றது. நான் எடுத்துக்கொண்டதெல்லாம் ஊரின் பழைய மருத்துவமனையில், பழைய கருவியில். அடுத்த முறை போன அன்று அந்தக் கருவி பழுது. 'புது மருத்துவமனையில் புதுக் கருவி வந்திருக்கிறது, அங்கே போங்கள்' என்றார்கள். போனேன். பளிங்குத் தரை, பூச்சாடி, புன்னகை. கருவியோ புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. படுத்தேன், எழுந்தேன், வந்துவிட்டேன்.

மறுவாரம் மருத்துவர் அம்மாவின் அறை. அவர் படத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுபடியும் மாட்டினார். ஏலக்கூடத்தில் ஒரு பொருளைப் பார்த்து முகம் மாறுகிறவரை எனக்கு அரை நொடியில் தெரியும்.

"நாலு புள்ளி ரெண்டு இருந்ததும்மா. இப்ப ஆறு புள்ளி ஒண்ணு."

"அப்படின்னா?"

"மாத்திரைக்கு அது பழகிடுச்சுன்னு நினைக்கிறேன். அடுத்தது நரம்புல சொட்டுச் சொட்டா ஏத்துற மருந்து. கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கும். விரல் நுனியெல்லாம் மரத்துப்போகலாம்."

"அந்த மருந்துக்குப் போயிட்டு, திரும்ப இந்த மாத்திரைக்கு வரலாமா டாக்டர்?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "பொதுவா வர்றதில்லம்மா. ஒண்ணு கைவிட்டா அடுத்ததுக்குப் போகணும். அதுவும் கைவிட்டா அதுக்கடுத்தது."

அவையோரே! மருந்து என்பது கடையில் அடுக்கிவைத்த சரக்கா, தீரத் தீர வந்துகொண்டே இருக்க? என்னைப் போன்றவர்களுக்கு அது எண்ணி வைத்த படிகள். வேலை செய்யாத படியில் நின்றாலும் ஆபத்து; வேலை செய்கிற படியை விட்டு இறங்கினாலும் ஆபத்து. அன்று நான் வீட்டுக்குப் போன வழி எனக்கு நினைவில்லை. பேருந்தில் போனேனா, நடந்து போனேனா, அதுவும் நினைவில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரே கூரை, இரண்டு தம்பிகள், இரண்டு தம்பி மனைவிகள், ஒரு நாத்தனார். அந்த நாத்தனார் நான்! ஏன் சிரிக்கிறீர்கள்? நாத்தனார் என்றாலே சிரிப்பா? என் தம்பி மனைவிகள் இருவருக்கும் ஒரே படிப்பு: மருத்துவ இயற்பியல். ஸ்கேன் கருவி ஒழுங்காக அளக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருப்பதுதான் அவர்கள் உத்தியோகம். மூத்தவள் முதலில் மருமகளாக வந்தாள். தன் கல்லூரியில் தனக்குக் கீழே படித்த பெண்ணை அவளே பார்த்துப் பேசி இரண்டாவது மருமகளாகக் கூட்டிவந்தாள். 'ஓரகத்தியைத் தேடிப் பிடித்தவள்' என்று உறவெல்லாம் கைகொட்டிச் சிரித்தது. மூத்தவளுக்கு வேலை பழைய மருத்துவமனையில். இளையவளுக்கு வேலை புது மருத்துவமனையில். அதுவரை அது எங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அன்று மாலை சமையலறையில் மூத்தவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இளையவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் செய்தியைச் சொன்னேன். கத்தி நின்றது. குழாய் நின்றது.

"ஆறு புள்ளி ஒண்ணா?" என்றாள் மூத்தவள். "இருக்கவே முடியாது அண்ணி. போன தடவை நானே பக்கத்துல இருந்து பார்த்தேன். அவங்க மெஷின் கூட்டிக் காட்டுது."

இளையவள் திரும்பினாள். "அக்கா, எங்க மெஷின் கூட்டிக் காட்டலை. உங்க மெஷின்தான் இத்தனை நாளா குறைச்சுக் காட்டியிருக்கு."

"பத்து வருஷமா ஓடுற மெஷின். ஒரு குறை சொன்னது கிடையாது."

"பத்து வருஷம் ஆச்சுங்கறதே ஒரு குறைதானே அக்கா?"

"புதுசா வந்ததெல்லாம் பெருசாத்தான் பேசும்!"

இது கருவியைச் சொன்ன பேச்சா, மருமகளைச் சொன்ன பேச்சா? யாருக்குத் தெரியும்! ஆனால் இளையவள் முகம் சிவந்தது. கரண்டி ஒன்று தொட்டிக்குள் தொப்பென்று விழுந்தது. என் தம்பிகள் இருவரும் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? வீரர்கள்! தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, அதற்குள்ளேயே குடிபோய்விட்டார்கள்.

பிறகு இளையவள்தான் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "அண்ணி, நான் எங்க மெஷினுக்காகப் பேசலை. ஒருவேளை நோய் நிஜமாவே ஏறியிருந்து, அக்கா பேச்சைக் கேட்டு நீங்க பழைய மாத்திரையிலயே இருந்துட்டா?"

மூத்தவளும் கத்தியை வைத்துவிட்டு வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள். "நிஜமா ஏறாம இருந்து, இவ எண்ணை நம்பி நல்ல மாத்திரையை விட்டுட்டா?"

பார்த்தீர்களா அவையோரே? இருவரும் சண்டை போட்டது ஒரே பயத்துக்காக. ஒருத்தி என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஒருத்தி வலது கையை. நடுவில் நான், ஓர் உடம்பு, இரண்டு எண்கள்!

பிறகு மூத்தவள் சொன்னாள்: "பேசிப் பேசி இது தீராது. குடத்தை வெச்சுப் பார்த்துடலாம்."

குடமா? தண்ணீர்க் குடமா? இல்லை தாய்மார்களே. அவர்கள் துறையில் ஒரு பாத்திரம் இருக்கிறது. கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்டிக் பாத்திரம். உள்ளே ஆறு உருண்டைகள், கொண்டைக்கடலை அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை. உருண்டைக்குள்ளும் கதிர்வீசும் சர்க்கரைநீர், வெளியிலும் கதிர்வீசும் சர்க்கரைநீர். வெளியில் இருப்பதைவிட உள்ளே எத்தனை மடங்கு என்பதை அளந்து, கலந்து, ஊற்றுவது அவர்கள் கைதான். அதாவது, உண்மை என்னவென்று முன்கூட்டியே தெரிந்த ஒரே நோயாளி அந்தக் குடம்தான். அதைக் கருவிக்குள் படுக்கவைத்து, கருவி என்ன எண் சொல்கிறது என்று பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் அதற்குக் குடம் என்றே பெயர். ஒரே குடத்தை இரண்டு கருவியிலும் வைக்கவேண்டும் என்றாள் மூத்தவள். இரண்டு மருத்துவமனைகளும் அதுவரை அப்படி ஒன்றாக எதையும் செய்தது கிடையாது. வழியில் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்ளும் உறவு.

மறுநாள் மூன்று பேருமாக மருத்துவர் அம்மாவிடம் போனோம். அவர் கேட்டுக்கொண்டார். "எண்ணை மட்டும் வெச்சு நான் முடிவு எடுக்கிறதில்ல. ஆனா இந்த எண் பெரிய சாட்சி. சாட்சி மேலயே சந்தேகம்னா தீர்த்துட்டு வாங்க. ரெண்டு வாரம் காத்திருக்கேன். அதுக்கு மேல நோய் காத்திருக்காது" என்றார்.

பழைய மருத்துவமனை உடனே சரி என்றது. புது மருத்துவமனையில்? இதோ, நம் தலைவர் அவர்கள் தண்ணீர்க் குவளையை எடுக்கிறார்! குடியுங்கள் ஐயா, உங்கள் கட்டம்தான் வருகிறது.

அவர் அறைக்கு இளையவள் போனாள். துணைக்கு நானும் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் மேசைமேல் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார்: "எவ்வளவு செலவு பண்ணி வாங்கின மெஷின்! அது தப்புன்னு ஊருக்கே சொல்லப் போறீங்களா?"

இளையவள் வெளியாரிடம் அதிர்ந்து பேசாதவள். அன்று பேசினாள். "தப்புன்னு சொல்லலை சார். வேற மாதிரி சரின்னு சொல்றேன்."

"வேற மாதிரி சரின்னு ஒண்ணு உண்டாம்மா?"

"உண்டு சார். நம்ம மெஷினும் ஒருநாள் பழுதாகும். அன்னிக்கு நம்ம நோயாளிங்க அக்கா மெஷினுக்குத்தான் போகணும். அங்க வர்ற எண்ணை வெச்சு நம்ம டாக்டருங்க மருந்து மாத்துவாங்க. அது சரியா இருக்குமான்னு இப்ப என்கிட்ட கேட்டா, எனக்குத் தெரியாது சார். தெரியாதுன்னு சொல்லிட்டு இந்த வேலையில இருக்க எனக்குக் கஷ்டமா இருக்கு."

ஐயா அவர்கள் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. பிறகு, "ஞாயித்துக்கிழமை நோயாளிங்க இருக்க மாட்டாங்க. அன்னிக்கு எடுத்துக்குங்க" என்றார். வாசல்வரை வந்து, "முடிவு எதுவா இருந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லுங்க" என்றார். அவையோரே, பெரிய பதவியில் இருப்பவர் தன் புதுப் பொருளைச் சோதனைக்குக் கொடுப்பது சின்ன மனதால் ஆகிற காரியமா? ஒரு கைதட்டல் கொடுங்கள். இன்னும் கொஞ்சம் பலமாக. போதும் போதும், தண்ணீர் புரையேறிவிடப் போகிறது!

ஞாயிற்றுக்கிழமை. கதிர்வீசும் பொருளை நான் தொடக்கூடாது என்பதால் என்னைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். முதலில் பழுது நீங்கி வந்த பழைய கருவி, பிறகு காரில் பத்திரமாக ஏற்றிப் புதுக் கருவி. கையுறை மாட்டிய நான்கு கைகள் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல அந்தக் குடத்தைத் தூக்கிக் கிடத்தின. அன்றைக்குச் சமையலறையில் சண்டை போட்டவர்கள் அவர்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

முடிவு என்ன? பெரிய உருண்டையில் இரண்டு கருவியும் ஏறக்குறைய ஒரே எண். உருண்டை சிறுக்கச் சிறுக்க வழி பிரிந்தது. பழைய கருவியின் பார்வை மங்கல். சின்ன உருண்டையின் ஒளி சுற்றிலும் கசிந்து, எண் உண்மைக்குக் கீழே விழுந்தது. புதுக் கருவியின் பார்வை கூர்மை. ஆனால் அந்தக் கூர்மையைக் கணக்குப் போட்டு இன்னும் தீட்டும் ஆர்வத்தில், சின்ன உருண்டையை உண்மைக்கு மேலேயே தூக்கிக் காட்டியது. ஒருவர் முணுமுணுக்கிறார், ஒருவர் முழங்குகிறார். இருவருமே பொய் சொல்லவில்லை! என் நோயோ கொண்டைக்கடலை அளவு. சரியாக அந்தச் சின்ன உருண்டையின் இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. கிளறினால் கிளம்பும் என்பார்களே, அப்படி மற்றவையும் கிளம்பின. ஊசியில் போகும் அந்தச் சர்க்கரையின் கதிர் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே வரும். எப்போது ஊசி போட்டோம், எப்போது படம் எடுத்தோம் என்பதை வைத்துத்தான் கருவி கணக்குப் போடும். பழைய மருத்துவமனையில் ஊசி போடும் அறையின் சுவர்க் கடிகாரத்தை இளையவள் அண்ணாந்து பார்த்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அக்கா, உங்க கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால ஓடுது."

மூத்தவளுக்கு வியர்த்துவிட்டது. விசாரித்தால், தலைமைச் செவிலியர் வெகு காலத்துக்கு முன்பு செய்த ஏற்பாடு: "எல்லாரும் வேலைக்கு நேரத்துக்கு வரட்டுமேன்னு நான்தான் கொஞ்சம் தள்ளி வெச்சேன்!" நல்ல எண்ணம்தான். ஆனால் ஊசி போட்ட நேரத்தைப் பத்து நிமிடம் பிந்திக் காட்டிய அந்த நல்ல எண்ணம் ஒவ்வொரு நோயாளியின் எண்ணையும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

இளையவள் சிரிக்கப் போனாள். மூத்தவள் விடவில்லை. "சரி, இப்ப உங்க இடத்துல எடை பார்க்கிற மெஷின் எங்கே?" உடம்பின் எடையும் அந்தக் கணக்கில் சேரும். சோதித்தால், புது மருத்துவமனையின் எடைக்கருவி ஒவ்வொருவரையும் மூன்று கிலோ கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது! தாய்மார்களே, அந்தக் கருவிமேல் ஏறி இறங்கிய அன்றே நான் சொன்னேன், 'இது பொய் சொல்கிறது' என்று. ஒரு பெண் எடைக்கருவியைப் பொய் என்று சொன்னால் இந்த உலகத்தில் யாராவது நம்புகிறார்களா?

ஆக, எண் கொஞ்சம் கடிகாரத்தில் இறங்கியது, கொஞ்சம் எடையில் ஏறியது. மிச்சமெல்லாம் பார்வையின் வித்தியாசம். இனி செய்யவேண்டியது? கூர்மையான கண்ணைக் குத்திக் குருடாக்க வேண்டுமா? கூடாது. பார்ப்பதற்குப் புதுக் கருவியின் கூர்மையான படம் அப்படியே இருக்கட்டும்; நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அது கண்டுபிடிக்கட்டும். அளப்பதற்கு மட்டும் அதே பதிவிலிருந்து இன்னொரு படம். குடத்தை வைத்தால் இரண்டு கருவியும் எந்த அளவு மென்மையில் ஒரே எண்ணைச் சொல்கின்றனவோ, அந்த அளவுக்குக் கூர்மையைத் தணித்து மென்மையாக்கிய படம். இரண்டு ஓரகத்திகளும் தோளோடு தோள் உட்கார்ந்து என் படத்தை அப்படி மறுபடி உருவாக்கினார்கள். கண்ணாடிக்கு வெளியே இருந்து நான் அவர்கள் முதுகைத்தான் பார்த்தேன். அவர்கள் முதுகையே முகமாகப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இளையவள் எழுந்து வந்தாள். "அண்ணி, எங்க மெஷின்ல நாலரை."

மூத்தவள் வந்தாள். "கடிகாரத்தைச் சரிபண்ணினா, போன தடவை எங்க மெஷின்லயும் நாலரைக்குப் பக்கம்தான் அண்ணி."

நாலரை. நாலரை. ஏறவில்லை! மாத்திரை வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மருத்துவர் அம்மா எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதே மாத்திரையே தொடரட்டும். சீக்கிரமா இன்னொரு தடவை பார்த்துடுவோம்" என்றார். அன்று என் தம்பிகள் இருவரும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சின்னத் தம்பி என் செருப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஆண்பிள்ளைகளுக்கு அழத் தெரியாவிட்டால் இப்படி ஏதாவது ஒரு வேலை வேண்டும்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்த மேடைக்கு வந்திருக்கமாட்டேன். வீட்டிலேயே மகிழ்ந்துவிட்டுப் போயிருப்பேன். இனிமேல்தான், அவையோரே, நான் சொல்ல வந்தது.

காத்திருப்பறையில் எனக்கு ஒரு தோழர் உண்டு. பேருந்து ஓட்டுநர். நுரையீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள். வாய் ஓயாத மனிதர். எந்த நர்சம்மா நடந்து வந்தாலும், 'ஓரம் கட்டுங்க, ஓரம் கட்டுங்க, எக்ஸ்பிரஸ் வருது' என்பார். அவருக்கு என்னைவிட முன்னதாகவே நல்ல செய்தி வந்திருந்தது. எண் எட்டில் இருந்து ஆறுக்கு இறங்கிவிட்டது என்று அவர் மனைவி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. நானும் சேர்ந்து மகிழ்ந்தேன்.

என் விஷயம் தெளிந்த பிறகு, ஒரு கருவியிலிருந்து மறு கருவிக்கு மாறியவர்கள் எல்லாருடைய படங்களையும் மறுபடி பார்ப்பது என்று இரண்டு பெண்களும் முடிவெடுத்தார்கள். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தவர்கள் கைப்பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய படம் என்று என்னிடம் சொல்லவில்லை. அது தொழில் தர்மம். ஆனால் ஒருத்தி மற்றவளிடம் கேட்டதை நான் கேட்டேன்.

"சொல்லித்தான் ஆகணுமா அக்கா? அந்தக் குடும்பமே சந்தோஷமா இருக்கு."

மூத்தவள் நகத்தைக் கடித்தாள். பிறகு சொன்னாள். அவையோரே, அவள் மேடைப் பேச்சாளி இல்லை, நான்தான் பேச்சாளி. ஆனால் இத்தனை வருஷம் மேடையில் நான் பேசியதையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, அவள் அன்று சொன்னதை மறுதட்டில் வைத்தால், என் தட்டு மேலே போய்விடும்.

"அளவு ஒண்ணா இருக்கணும்னு கேட்டது நாமதானே? நல்ல சேதி வந்தா மட்டும் ஒத்துக்குவோம்னா, அது அளவு இல்ல. ஆசை."

மறுநாள் மருத்துவர் அம்மாவிடம் சொன்னார்கள். அவர் ஓட்டுநரைக் கூப்பிட்டுச் சொன்னார். முதல் படம் புதுக் கருவியில் எடுத்தது, இரண்டாவது பழைய கருவியில். ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் எண் இறங்கவே இல்லை. உண்மையில் கொஞ்சம் ஏறியிருந்தது. மறுபடியும் ஒரு படம் எடுத்தார்கள். அதிலும் ஏற்றம்தான்.

இதை அவரே என்னிடம் சொன்னார். மருத்துவமனைக்குப் பின்னால் வண்டிகள் நிற்கும் இடத்தில், ஒரு சிமெண்டுக் கட்டையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் தேடிக்கொண்டு போனேன். ஒரே சோதனை எனக்கு மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தது. அவரிடமிருந்து மகிழ்ச்சியைப் பறித்துக்கொண்டது. என் முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

"வாங்கக்கா. உங்களுக்கு இறங்கிடுச்சு, எனக்கு ஏறிடுச்சு. ஒரே ஏணிதான் போல."

"தம்பி, என் வீட்டுப் பொண்ணுங்கதான்..."

"தெரியும்க்கா. டாக்டரம்மா சொன்னாங்க." நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "ரெண்டு நாள் கோபமாத்தான் இருந்தது. நல்லாத்தானே இருந்தோம், யார் இவங்களைத் தோண்டச் சொன்னதுன்னு. அப்புறம் யோசிச்சேன். பிரேக் பிடிக்கலைன்னா அது எனக்கு இறக்கத்துக்கு முன்னாடி தெரியணுமா, இறக்கத்துல தெரியணுமா?"

அவ்வளவுதான் சொன்னார். நானும் அந்தக் கட்டையில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் நின்றிருந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மருந்தை மாற்றினார்கள். கடுமையான மருந்து. முடி போனது, உடம்பு பாதியானது. ஆனால் காலத்தில் மாற்றியதால் நோய் நின்றது. அவர் எங்கே என்கிறீர்களா? அக்கரைப் பேட்டையிலிருந்து உங்களில் பாதிப்பேரை இன்று இந்த அரங்கத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்தது யார் ஓட்டிய பேருந்து என்று நினைக்கிறீர்கள்? அதோ, கதவோரம் நிற்கிறார்! தம்பி, உட்காருங்கள் என்றாலும் கேட்கமாட்டீர்கள், கையையாவது தூக்குங்கள். பார்த்தீர்களா! கைதட்டுங்கள் அவையோரே, கை வலிக்கத் தட்டுங்கள்!

இங்கே ஒருவர் கேட்கிறார்: 'ஐந்து மருத்துவமனையும் ஒரே மாதிரிப் புதுக் கருவியாக வாங்கிவிட்டால் போச்சே?' போகாது ஐயா. இரட்டைப் பிள்ளைகளிலேயே ஒருவன் பசிக்கிறது என்பான், ஒருவன் தூக்கம் என்பான். இன்று ஒன்றாக இருக்கும் கருவிகள் நாளை ஒரு பாகம் தேய்ந்தால், ஒரு கணக்கு மாறினால், தனித்தனி வழி போகும். ஒருமுறை சரிசெய்து ஓய்ந்துவிடும் காரியமா இது? குடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எடைக்கருவியைச் சோதித்துக்கொண்டே இருக்கவேண்டும். அதற்குத்தான் ஐந்து மருத்துவமனைகளும் இன்று கைகோத்திருக்கின்றன. ஒரே குடம் ஐந்து வீட்டுக்கும் போகும். ஒரே முறையில் நிரப்புவார்கள், ஒரே முறையில் அளப்பார்கள், வந்த எண்ணை ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் காட்டுவார்கள்.

ஒளிக்காமல் காட்டுவது! அதுவல்லவா அரிது? தன் கருவியின் குறையை அடுத்த மருத்துவமனையின் முன்னால் விரித்துக் காட்ட எத்தனை துணிவு வேண்டும்? என் எண் குறைவு என்று ஒருவர் சொல்வார், என் எண் கூடுதல் என்று ஒருவர் சொல்வார். அப்படிச் சொல்ல வெட்கப்பட்டால் யார் விலை கொடுப்பது? மேசைக்குப் பின்னால் இருப்பவரா? மெத்தைமேல் படுத்திருப்பவரா? கூர்மை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடிப் பேசாத கூர்மை குத்தும் என்கிறேன். பழமை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளாத பழமை பழுதாகும் என்கிறேன். நல்ல செய்தி சொல்லுங்கள் என்று நாங்கள் உங்களைக் கேட்கவில்லை, மருத்துவப் பெருமக்களே! மெய்ச் செய்தி சொல்லுங்கள். இந்தக் கதவிலும் மெய், அந்தக் கதவிலும் மெய், இரண்டும் ஒரே மெய். தாங்கிக்கொள்வது எங்கள் பொறுப்பு. அதற்கு நாங்கள் இருக்கிறோம், எங்கள் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்ள எங்கள் மனிதர்கள் இருக்கிறார்கள்.

நான் குணமாகிவிட்டேன் என்று சொல்லி உங்களை மகிழ்விக்க ஆசைதான். ஆனால் ஆசையை அளவென்று சொல்லக்கூடாது என்று என் வீட்டிலேயே தீர்ப்பாகிவிட்டது. நோய் இருக்கிறது, நின்ற இடத்தில் நிற்கிறது. அடுத்த வாரம் எனக்கு மறுபடியும் ஸ்கேன். எந்த மருத்துவமனையில் என்று நேற்று தொலைபேசியில் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். 'எங்க இடம் காலியா இருக்கோ அங்க போடுங்கம்மா' என்றேன். சொல்லிவிட்டு வைத்தபிறகுதான் எனக்கே உறைத்தது, எவ்வளவு பெரிய நிம்மதியை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டேன் என்று. இந்தப் பக்கத்துக் கதவோ அந்தப் பக்கத்துக் கதவோ, எதைத் திறந்தாலும் உள்ளே படுப்பது ஒரே நான். வெளியே வருவது ஒரே எண்.

இவ்வளவு நேரம் என் வாயைப் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், என் உயிரைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் மருத்துவர் அம்மா அவர்களுக்கும், முன்வரிசையில் ஒரே குடையைப் பகிர்ந்துகொண்டு வந்து பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் தம்பி மனைவிகள் இருவருக்கும், எழுந்து போகாமல் இருந்து கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சின் நன்றி. எல்லாரும் நலமாக வீடு சேருங்கள். வணக்கம்.